பெட்டிக்காசு

பெட்டி வாசலில் இறுகிப்போனது. முன்னுக்குப் பிடித்த இரண்டு பேர் வீட்டுக்குள்ளும் பின்னுக்குப் பிடித்த இரண்டு பேர் முற்றத்திலுமாக நின்று, "சரிச்சுப் பிடி, சரிச்சுப் பிடி" என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். குருநகரில் அந்த ஒழுங்கையில் வீடு கட்டியவர்கள் யாரும் இப்படி ஒரு பெட்டி உள்ளே வரும் என்று நினைத்து வாசல் வைத்திருக்கவில்லை. பித்தளைக் கைபிடி, மூடியில் செதுக்கிய முந்திரிகைக் கொடி, உள்ளுக்கு வெள்ளைச் சாட்டின் துணி. கடைசியில் சிமியோன் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினான். நிலையிலிருந்து ஒரு சிராய் பெயர்ந்து விழுந்தது. பெட்டி உள்ளே வந்துவிட்டது.

பெர்னடெட் சுவரோடு சாய்ந்து இருந்தாள். அவளுக்கு முன்னால் பாயில் அவளுடைய மனுசன் யாகப்பு கிடந்தான். நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்கு உயிர் போனது. மகள் ஸ்ரெல்லா தன்னுடைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கிழித்துத் தகப்பனின் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இடது காதுக்கு மேலே அந்தத் துணி கறுத்துக் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. இலையான் அங்கேதான் வந்து வந்து குந்தியது. பெர்னடெட் விசிறியால் கலைத்துக்கொண்டே இருந்தாள்.

"பெட்டி ஆர் வேண்டித் தந்தது?" என்று கேட்டாள்.

சிமியோன் பெட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். யாகப்புவின் தம்பி அவன். அண்ணைக்கு ஒன்று என்றால் ஓடி வருகிறவன்தான். ஆனால் நேற்றிலிருந்து மச்சாளின் முகத்தை நேரே பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். இப்போதும் குனிந்து பெட்டியின் கைபிடியைத் துடைத்தான், துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வாய் திறந்தது தச்சுப் பட்டறையிலிருந்து பெட்டியோடு வந்த ஆள். பாவம், அவனுக்கு ஊர்க் கதை ஒன்றும் தெரியாது. "செபநாயகம் சம்மாட்டியார் அம்மா. காசெல்லாம் குடுத்தாச்சு, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஆயிரத்து நூற்றைம்பது. கணக்குக் கொப்பியிலை வெட்டியாச்சாம், இனிக் கணக்கு நேராம். உங்களிட்டை அப்பிடிச் சொல்லச் சொன்னவர்."

பெர்னடெட்டின் கையில் விசிறி நின்றது. ஆயிரத்து நூற்றைம்பது. அந்தத் தொகையை அவள் இரண்டு மூன்று கிழமையாக விரலில் எண்ணியும் பென்சிலால் கூட்டியும் பார்த்திருக்கிறாள். ஒரு ரூபா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுடைய மனுசனைக் கொன்ற காசு அது. இப்போது பித்தளைக் கைபிடி வைத்து வீட்டுக்குள் வந்து நிற்கிறது.

குருநகரில் ஒரு தொழிலாளி சம்மாட்டி மாறுவது என்றால் கடன் மாறுவதுதான். வள்ளமும் வலையும் வைத்திருக்கிற சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித்தான் எல்லாரும் தொழிலுக்கு ஏறுகிறார்கள். பிறகு ஒவ்வொரு நாள் பங்கிலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்வார். அந்தக் கடன் நிற்கும் மட்டும் வேறு வள்ளத்தில் கால் வைக்க ஏலாது. மாறவேண்டுமென்றால் பழையவர் மிச்சம் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். புதியவர் அந்தத் தொகையைப் பழையவரின் கையில் வைப்பார். அன்றிலிருந்து கடனும் புதியவரிடம், ஆளும் புதியவரிடம். நடுவில் நிற்கிற மனுசன் அந்தக் காசைத் தொட்டும் பார்க்கமாட்டான். அது அவனுடைய தலைக்கு மேலால் போகும்.

யாகப்பு பதினொரு வருசம் செபநாயகத்தின் வள்ளத்தில் நின்றவன். செபநாயகம் பங்கில் பத்துக்கு இரண்டு வெட்டுகிறவர். கனிசியஸ் என்ற புதுச் சம்மாட்டி, நான் பத்துக்கு ஒன்றுதான் வெட்டுவேன், வா என்றார். யார்தான் போகமாட்டார்கள்? மாசி மாதம் செபநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டு எழுதிக் கொடுத்தார். "மிச்சம் ரூபா நாலாயிரம்." சாய்ந்த எழுத்து, காற்றில் சரிந்த வேலி மாதிரி. அந்தத் துண்டு ஒரு நாள் முழுக்கப் பெர்னடெட்டின் வீட்டில் மாதா சுரூபத்துக்குக் கீழே கிடந்தது. அவள் அதைப் பத்துத் தரமாவது எடுத்துப் பார்த்திருப்பாள்.

ஆனால் கனிசியஸின் புது வள்ளம் உயிர்த்த ஞாயிறு கழிந்துதான் கடலில் இறங்கியது. அதுவரைக்கும் யாகப்பு பழைய வள்ளத்திலேயே தொழிலுக்குப் போனான். அந்த முறை இறால் அள்ளு அள்ளென்று பட்டது. செபநாயகம் வழக்கம்போல வெட்டிக்கொண்டே இருந்தார். பெர்னடெட் கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு நாள் வெட்டையும் எழுதிவந்தாள். கடைசியில் கனிசியஸ் வந்து காசு கட்டும்போது புதுத் துண்டு கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பழைய துண்டைப் பார்த்து நாலாயிரத்தைக் கட்டினார். செபநாயகம் வாயைத் திறக்காமல் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

கூட்டிப் பார்த்தால், இறால் காலத்தில் வெட்டிய ஆயிரத்து நூற்றைம்பது அவரிடம் கூடுதலாக நின்றது. அது கனிசியஸின் காசல்ல, அவருக்கு யாகப்பு நாலாயிரமும் உழைத்துக் கட்டத்தான் போகிறான். செபநாயகத்தின் காசும் அல்ல. அது யாகப்புவின் காசு. பதினொரு வருசத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒருவர் கடன்பட்டிருந்தார்.

பட்டணத்து வங்கியில் பெர்னடெட்டின் பேரில் ஒரு சேமிப்புப் புத்தகம் இருந்தது, இருபத்தைந்து ரூபாவோடு. புத்தகத்தில் ஆயிரம் நின்றால் சொந்த வள்ளத்துக்குக் கடன் எடுக்கலாம் என்று மீன்பிடிச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். சொந்த வள்ளம் வந்தால் உழைத்துக் கனிசியஸுக்கும் கட்டி முடிக்கலாம், பிறகு எந்தச் சம்மாட்டியின் படலையிலும் போய் நிற்கத் தேவையில்லை. "கையிலை தரவேண்டாம், மனிசியின்ரை புத்தகத்திலை போட்டுவிடுங்கோ" என்றுதான் யாகப்பு கேட்டான். கையில் வந்தால் அது எங்கே போகும் என்று அவனுக்கே தெரியும், அதில் அவன் நேர்மையானவன். முதல் தரம் போனபோது செபநாயகம் பார்ப்பம் என்றார். இரண்டாந்தரம் கொப்பி வீட்டில் கிடக்கிறது என்றார்.

மூன்றாந்தரம் நேற்றுக் காலை. ஒன்பது மணியளவில் யாகப்பு ஈரத் துவாயைத் தலையில் வைத்து அமத்திக்கொண்டு வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. கலியாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததை அவள் பார்க்கவில்லை.

"ஒத்துக்கொண்டிட்டான்" என்றான்.

"ஆர்?"

"செபநாயகம். மீன் ஏலம் கூறுற இடத்திலை, எல்லாருக்கும் முன்னாலை. கொப்பியை விரி எண்டன், விரிச்சான். 'யாகப்பு வரவு ஆயிரத்து நூற்றைம்பது' எண்டு அவன்ரை கையெழுத்திலேயே கிடக்கு. உன்ரை கணக்கு ஒரு சதம் பிழையில்லை."

"தலையிலை என்ன ரத்தம்?"

"அது பிறகு அடிச்சவன். உன்ரை காசு இஞ்சை கிடக்கட்டும், திரும்பி என்ரை வள்ளத்துக்கு வந்து கழிச்சுக்கொள் எண்டான். உன்ரை வள்ளத்திலை என்ரை பிணமும் ஏறாது எண்டன். துடுப்பாலை ஒண்டு போட்டான்." இதைச் சொல்லிவிட்டு யாகப்பு மறுபடியும் சிரித்தான். "அடிக்கட்டும். ஒத்துக்கொண்டிட்டானெல்லோ."

தேத்தண்ணி கேட்டான், குடித்தான். அரை மணித்தியாலத்தில் அவ்வளவையும் சத்தி எடுத்தான். தலைக்குள்ளே எஞ்சின் ஓடுகிற மாதிரிக் கிடக்கு என்றான். மத்தியானத்துக்கு மேலே பேச்சுக் குழறியது. சிமியோன் கார் பிடிக்க ஓடினான். அந்த நேரம் பார்த்துக் கோட்டையிலிருந்து ஆமி ஷெல் அடிக்கத் தொடங்கியது. எந்தக் கார்க்காரன் ஷெல்லுக்குள் குருநகருக்கு வருவான்? கார் வந்து ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் அடித்தபோது யாகப்பு அவளுடைய மடியில் ஒரு கண் திறந்தபடி செத்துக் கிடந்தான். அந்த ஹோர்ன் சத்தம் இன்னும் அவளுடைய காதுக்குள் இருக்கிறது.

சிமியோன் நேற்று அந்த இடத்தில்தான் நின்றான். துடுப்பு ஏறியதையும் பார்த்தான், இறங்கியதையும் பார்த்தான். வீடு வீடாகப் போய்ச் செத்த வீடு சொல்லும்போது, "அண்ணை வழுக்கி விழுந்திட்டார்" என்று சொன்னான். அவன் செபநாயகத்துக்கு ஆறாயிரம் கடன்.

"எடி பெர்னடெட்" என்று பக்கத்து வீட்டு லூர்த்தம்மா காதுக்குள் வந்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. "பொலிசெண்டு ஒண்டு இப்ப எங்கை கிடக்கு, கோட்டைக்குள்ளை ஒளிச்சுக் கிடக்கிறாங்கள். பொடியளிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடு. விடியமுதல் ஆளை லைட் போஸ்ட்டிலை கட்டிப்போடுவாங்கள். உந்தப் பெட்டி அதுக்குப் பயந்துதான் வந்திருக்கு."

பெர்னடெட்டுக்கும் அது தெரியும். போன மாதம்தான் சந்தியில் ஒருவனை இயக்கப் பொடியள் கட்டிப்போட்டிருந்தார்கள். கழுத்தில் மட்டையில் குற்றம் எழுதித் தொங்கியது. மார்க்கெட்டுக்குப் போகிற சனம் நின்று வாசித்துவிட்டுப் போனது.

சாவைப் பதிய விதானையார் வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு பேனையைத் திறந்தார். "ஷெல் எண்டு எழுதிவிடட்டோ பிள்ளை? உந்த நாளையிலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

"துடுப்பெண்டு எழுதுங்கோ."

அவர் அவளைப் பார்த்தார், பிறகு சிமியோனைப் பார்த்தார். "வழுக்கி விழுந்தது எண்டு போடுறன்" என்று தானே சொல்லி, தானே எழுதி, கொடுத்த சோடாவைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

அவர்கள் யாகப்புவைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெர்னடெட் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குத் தடுக்க மனமும் வரவில்லை. கட்டின நாளிலிருந்து பாயில்தான் படுத்தான் அந்த மனுசன். இப்போது வெள்ளைச் சாட்டினில், கையில் செபமாலையோடு, ஒரு சம்மாட்டி மாதிரிக் கிடந்தான். ஸ்ரெல்லா தகப்பனின் தலைமயிரை வாரிவிட்டாள். நல்லாத்தான் இருக்கிறார் என்று நினைத்தாள் பெர்னடெட். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே நாலு அறை அறையவேண்டும் போலவும் இருந்தது.

இரண்டு மணிக்குச் செபநாயகம் வந்தார். ஒழுங்கை முகப்பிலேயே அழத் தொடங்கிவிட்டார். அது நடிப்பல்ல. அப்படி நினைத்தால் மனம் ஆறியிருக்கும். ஆனால் அந்தக் கிழவர் உண்மையாகவே உடைந்துபோய்த்தான் வந்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பதினொரு வருசம் என்ரை வள்ளத்தின்ரை அணியத்திலை நிண்டனியடா. உன்னை விட்டா எனக்குக் கடல் பாக்க ஆரடா இருக்கு" என்று கேட்டார். யாகப்புவின் நெஞ்சில் தலையை வைத்து முட்டினார். பெண்கள் எல்லாரும் அவரோடு சேர்ந்து அழுதார்கள். பெர்னடெட் அழவில்லை. அவருடைய வலக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அது எவ்வளவு பருத்த கை.

அதற்குப் பின்னால் கனிசியஸ் மலர்வளையத்தோடு வந்து சேர்ந்தார். வளையத்தைச் சுவரில் சாத்தினார், சிலுவை அடையாளம் போட்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. செபநாயகத்தைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ரை ஆளெல்லே இது" என்றார். "நாலாயிரம் எண்ணிக் குடுத்து எடுத்தனான். மூண்டு கிழமை முழுசாத் தொழில் செய்யேல்லை. அடிச்சுச் சாக்கொண்டுபோட்டு அழுதாச் சரியோ? என்ரை காசுக்கு என்ன வழி?"

"ஆர் அடிச்சது? வழுக்கி விழுந்தவன்."

"கடற்கரை முழுக்கப் பாத்ததை இல்லையெண்ணாதையும் காணும்."

"கடன் உம்மட்டை மாறிட்டுதெல்லே. மாறின பிறகு ஆளுக்கு என்ன நடந்தா எனக்கென்ன? உம்மடை ஆள், உம்மடை நட்டம்."

"ஆளை உடைச்சுப்போட்டு நியாயம் கதைக்கிறீர்."

"தம்பியிட்டை வாங்கும்" என்றார் செபநாயகம். "உதிலை சிமியோன் நிக்கிறான், அண்ணையின்ரை கடன் அவனுக்குத்தானே."

கனிசியஸ் செபநாயகத்தின் சட்டையைப் பிடித்தார். செபநாயகம் கையை ஓங்கினார். அதே கை. அடி கனிசியஸின் மூக்கில் விழுந்தது. இரத்தம் பீறிட்டு யாகப்புவின் வெள்ளைச் சட்டையிலும் சாட்டினிலும் சிந்தியது. கனிசியஸோடு வந்தவர்கள் உள்ளே பாய்ந்தார்கள், செபநாயகத்தின் ஆட்கள் முற்றத்திலிருந்து பாய்ந்தார்கள். கதிரை ஒன்று ஒருவனின் முதுகில் உடைந்தது. ஒருவன் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்தான், இன்னொருவன் அவனுடைய மணிக்கட்டைக் கடித்தான். மெழுகுதிரித் தட்டு சரிந்து, மலர்வளையத்தின் கடதாசிப் பூவில் நெருப்புப் பிடித்தது. லூர்த்தம்மா விளக்குமாற்றால் அதை அடி அடியென்று அடித்தாள். நாலைந்து ஆம்பிளைகள் கட்டிப் புரண்டு பெட்டியில் மோத, பெட்டி தாங்கியில் ஒரு ஆட்டம் ஆடியது. யாகப்புவின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. காதுக்கு மேலே கட்டின துணி அவிழ்ந்து, அந்த இடம் வெளியே தெரிந்தது.

அதைக் கண்டதும் பெர்னடெட் எழும்பினாள். குசினி வாசலில் உலக்கை சாத்தியிருந்தது. எடுத்தாள். சுவரோடு நிறுத்தியிருந்த பெட்டி மூடியில், முந்திரிகைக் கொடியின் நடுவில், இரண்டு கையாலும் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பலகை பிளந்தது. இன்னொரு குத்து. மூன்றாவது குத்தில் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கட்டிப் பிடித்தவர்கள் கட்டிப் பிடித்தபடியே நின்றார்கள்.

"நாலாயிரம் உங்கள் ரண்டு பேருக்கும் நடுவிலை கிடக்கிற காசு" என்றாள். மூச்சு வாங்கியது. "அடிச்சவர் குடுக்கட்டும், எடுத்தவர் வேண்டட்டும். அது என்ரை மனுசன்ரை கடனுமில்லை, சிமியோன்ரை கடனுமில்லை. ஆயிரத்து நூற்றைம்பது எங்கடை காசு. அதுக்கு நான் பெட்டி கேக்கேல்லை. புத்தகத்திலை போடச் சொல்லித்தான் அவர் கேட்டவர். அதைக் கேட்டதுக்குத்தான் செத்தவர்."

உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"சிமியோன், அண்ணையைத் தூக்கு. பாயிலை வை."

"மச்சாள், வேண்டாம். ஊர் சிரிக்கும்" என்றான் சிமியோன். "பாயிலை கொண்டுபோய்ப் புதைக்கிறதே அண்ணையை? எங்களுக்கு ஆரும் இல்லையெண்ட மாதிரி. சம்மாட்டியார் ஏதோ தன்ரை மனத்துக்கு…"

அவள் அவனை அறைந்தாள். கன்னத்தில் அல்ல, வாயில். சொண்டு வெடித்து இரத்தம் வந்தது. "நேற்று உந்த வாய் எங்கை போனது?" என்று கேட்டாள்.

சிமியோன் இரத்தத்தைத் துடைக்கவில்லை. பிறகு போய்த் தமையனின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தான். கால் பக்கத்தைப் பெர்னடெட் பிடித்தாள். உயிரில்லாத உடம்பு நல்ல பாரம். தூக்கி எடுத்துப் பாயில் வைத்தார்கள். ஸ்ரெல்லா தகப்பனின் தலையை மறுபடியும் கட்டினாள், இந்த முறை இறுக்கி.

செபநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டையில் பொத்தான் ஒன்றும் இல்லை. "பிள்ளை" என்றார். "ஆள் படுத்த பெட்டியை வெறுமையாத் திருப்பி அனுப்பக் கூடாது. அது வேறை ஆளைத் தேடும்."

"தேடட்டும்."

அவர் கிட்ட வந்தார், குரலைத் தணித்தார். "பொடியளிட்டை மட்டும் சொல்லிப்போடாதை, பிள்ளை. உன்ரை காலிலை விழுறன்."

"உங்களைச் சுட்டா என்ரை காசை ஆர் புத்தகத்திலை போடுறது?" என்றாள் பெர்னடெட். அதை அவள் தணித்துச் சொல்லவில்லை. முற்றத்தில் நின்ற அவ்வளவு பேருக்கும் கேட்டது.

பெட்டியைத் தூக்க ஒரு ஆம்பிளையும் முன்வரவில்லை. எல்லாருக்கும் செபநாயகத்தோடு ஒரு கணக்கு இருந்தது. ஒரு பக்கம் சிமியோன் பிடித்தான், மற்றப் பக்கம் லூர்த்தம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிடித்தாள். வெளியே போகும்போதும் அது வாசலில் இறுகியது. லூர்த்தம்மா காலால் உதைத்துத் தள்ளினாள். பிளந்த மூடியை ஸ்ரெல்லா தலையில் வைத்துக்கொண்டு பின்னால் போனாள். செபநாயகத்தின் வீட்டுப் படலைக்கு நேரே, ஆள் போக வர வழியில்லாமல், குறுக்கே வைத்துவிட்டு வந்தார்கள்.

கோயிலில் ஒரு பொதுப் பெட்டி இருந்தது. இல்லாதவர்களுக்கென்று வைத்தது. சேமக்காலை வரைக்கும் அதில் தூக்கிப்போய், ஆளைப் பாயோடு குழியில் இறக்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கழுவி வைப்பார்கள். கடைசியாக எப்போது வெளியே எடுத்தது என்று கோயில் மூப்பருக்கே ஞாபகமில்லை. கரையொதுங்கின ஊர்பேர் தெரியாத ஒருவனுக்காக இருக்கலாம் என்றார். மூலையெல்லாம் கறையான் தின்று, மண்ணெண்ணெய் மணத்தது. நீளமும் காணாது. யாகப்புவின் முழங்காலைக் கொஞ்சம் மடக்கித்தான் வைக்கவேண்டியிருந்தது. மூடி சரியாகப் பொருந்தவில்லை.

நேற்றைப்போல முந்தினால் ஒழிய, நாலு மணிக்குப் பிறகுதான் ஷெல் அடி தொடங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அன்றைக்கு அது மூன்றரைக்கே தொடங்கியது. முதல் ஷெல் கடலில் விழுந்தது. இரண்டாவது சேமக்காலை மதிலுக்கு அங்கால் விழுந்து, மண்ணும் கல்லும் தலையில் கொட்டியது. தூக்கினவர்கள் பெட்டியைத் தொப்பென்று போட்டுவிட்டுக் கல்லறைகளுக்கு நடுவில் குப்புறப் படுத்தார்கள். சுவாமியார் புத்தகத்தோடு படுத்தார். கனிசியஸ் வரவில்லை. செபநாயகம் வந்திருந்தார். எல்லாருக்கும் பின்னால் நின்றவர், அவரும் படுத்தார். பெர்னடெட் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அது வீரமல்ல. படுத்தால் இனி எழும்ப ஏலாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

பெட்டியின் ஒரு பக்கப் பலகை விழுந்த வேகத்தில் கழன்றிருந்தது. அதற்குள்ளால் யாகப்புவின் கை வெளியே வந்து மணலில் கிடந்தது. அவள் குனிந்து அந்தக் கையை எடுத்து உள்ளே வைத்தாள். மூன்றாவது ஷெல் தூரத்தில் விழுந்த பிறகு ஆட்கள் எழும்பி, சுவாமியார் அவசரம் அவசரமாகச் செபத்தை முடித்து, யாகப்புவைப் பாயோடு இறக்கினார்கள். மண் போடும்போது சிமியோன் சத்தம் வைத்து அழுதான். நேற்றிலிருந்து அதுதான் முதல் அழுகை.

செபநாயகத்தின் படலையில் வைத்த பெட்டி அங்கேயே கிடந்தது. தச்சுப் பட்டறைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட்டான். வேலைக்காரர் ஒருவரும் அதைத் தொடவில்லை. அவருடைய பெண்சாதி பின்வேலியைப் பிரித்து, அதற்குள்ளால் சந்தைக்குப் போய் வந்தாள் என்று லூர்த்தம்மா சொன்னாள். பெர்னடெட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் பூசைக்குக் காசு வேண்டும். கையில் ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் காலை பெர்னடெட் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்கு நடந்தாள். வங்கியில் ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்து, மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். சனம் அவ்வளவாக இல்லை. எழுதுவினைஞர் நடுத்தர வயதுக்காரர், தடித்த கண்ணாடி.

"இருபது ரூபா எடுக்கவேணும்" என்று புத்தகத்தை நீட்டினாள். "அஞ்சு விட்டாக் காணுந்தானே?"

அவர் பெரிய பேரேட்டை விரித்து விரலை ஓட்டினார். புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் பேரேட்டைப் பார்த்தார். "ஏன் அஞ்சு? உங்கடை கணக்கிலை ஆயிரத்து நூற்றெழுபத்தைஞ்சு நிக்குது. வெள்ளிக்கிழமை காலமை போட்டிருக்கு. புத்தகம் இல்லாமல் வந்து போட்டபடியாத்தான் இதிலை பதியேல்லை."

வெள்ளிக்கிழமை, யாகப்புவை அடக்கம் செய்த பிறகு. "ஆர் போட்டது?"

அவர் துண்டுக் கட்டைத் தேடி எடுத்து, ஒன்றை உருவிக் காட்டினார். செலுத்தியவர் என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது. யாகப்பு. சாய்ந்த எழுத்து, காற்றில் சரிந்த வேலி மாதிரி. மாசியில் மாதாவுக்குக் கீழே கிடந்த துண்டின் அதே எழுத்து.

"உங்களுக்கு ஆர்?" என்று கேட்டார் எழுதுவினைஞர்.

"என்ரை மனுசன்."

"பேரை எழுதிப்போட்டுக் கையெழுத்து வைக்காமல் போயிட்டார். நாங்களும் கவனிக்கேல்லை." அவர் சலிப்போடு சிரித்தார். "பட்டணப்பக்கம் வரேக்கை ஒருக்கால் இதிலை வந்து கையெழுத்து வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ."

பெர்னடெட் அந்தத் துண்டை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

"ஓம்" என்றாள். "சொல்லுறன்."

அவர் வரவையும் எழுதி, எடுத்த இருபதையும் எழுதி, மிச்சம் ஆயிரத்து நூற்றைம்பத்தைந்து என்று போட்டார். மை காயவில்லை, மூடாமல் கொண்டு போங்கோ என்று புத்தகத்தை விரித்தபடியே கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.